பூஞ்சை பிடித்த பழைய இசைத்தட்டுகள்: எப்படிக் கழுவுவது, எதில் போட்டுக் கேட்பது?

குடந்தை ரசிகர்

வணக்கம். கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீடு. ரேழியை ஒட்டிய அறையில் மர அலமாரி, அதில் சுமார் 60 எல்.பி. (நிமிடத்துக்கு 33 சுற்று ஓடும் பெரிய தட்டு), 40 இ.பி. (45 சுற்று ஓடும் சின்னத் தட்டு), 25 கனமான 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று) தட்டுகள் இருக்கின்றன. எல்.பி.யில் பெரும்பாலும் எச்.எம்.வி. கர்நாடக இசை. இ.பி. எல்லாம் சினிமாப் பாட்டு. 78-ல் நாதஸ்வரம்தான் அதிகம், பாதி கொலம்பியா லேபிள். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பல உறைகள் ஊறிப்போய், தட்டின் மேலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

கேட்க விரும்புவது இதுதான். வீட்டு போர் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவலாமா? பழைய எச்.எம்.வி. ஃபியஸ்டா பெட்டி பிளேயர் ஒன்று ஓடும் நிலையில் இருக்கிறது, அதிலேயே போடலாமா, புதிதாக வாங்க வேண்டுமா? வினைல் ஒலி டிஜிட்டலைவிட உயர்ந்தது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை? அதைத் தெரிந்துகொண்டு செலவு செய்யலாம் என்று பார்க்கிறேன்.

ஊசிமுனை

கழுவும் வரை எதையும் போட்டுக் கேட்காதீர்கள் ஐயா. பூஞ்சையோடும் மண்ணோடும் ஊசி ஓடினால் அந்தத் துகள், பாட்டு செதுக்கியிருக்கும் பள்ளத்தின் சுவரில் அழுந்திவிடும். அப்புறம் எந்தக் கழுவலிலும் அது வராது.

முதலில் தட்டுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்.பி., இ.பி. எல்லாம் வினைல், அதாவது பி.வி.சி. 78 எல்லாம் அரக்கு. இரண்டுக்கும் மருந்து வேறு. ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் 78 தட்டைத் துடைத்தால், துணியில் கறுப்பாக வருவது அழுக்கல்ல, பாட்டே வருகிறது என்று அர்த்தம்.

போர் தண்ணீர் கூடாது. டெல்டாவில் உப்பும் கடினத்தன்மையும் இடத்துக்கு இடம் மாறும், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இன்னும் மோசம். எல்.பி. பள்ளத்தின் வாய் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் ஒரு சொட்டு காய்ந்து விட்டுப் போகும் சுண்ணாம்பே ஊசிக்குப் பாறை மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று கேட்கும். ஆர்.ஓ. தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். பேட்டரி கடையில் கேனில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. ஆசிட் கலந்த கேனும் அதே கடையில் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். ஒரு எல்.பி.க்கு அலசலும் சேர்த்து 150 மி.லி. போகும். உங்களிடம் இருக்கும் அளவுக்கு 12 லிட்டர் வேண்டியிருக்கும்.

வினைலுக்கான கலவை: 800 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், 200 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நிறமும் மணமும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. இரண்டு சொட்டு என்றால் இரண்டு சொட்டுதான். ஆல்கஹாலை செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடையில் 99 சதவீதத்தில் வாங்கலாம். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் வேறு சேர்மானம் இருக்கலாம், சானிடைசரில் கிளிசரின் இருக்கும். இரண்டும் பள்ளத்தில் பிசினாகத் தங்கும்.

உறையைப் பிரிப்பது திண்ணையிலோ மாடியிலோ, மாஸ்க் போட்டுக்கொண்டு. பூஞ்சைத் தூள் அறைக்குள் பறந்தால் மற்ற தட்டுகளுக்கும் பரவும். காய்ந்த மெல்லிய பிரஷால் மேலாகத் தட்டிவிட்டு, தட்டை மடித்த துண்டின் மேல் வையுங்கள். லேபிளின் மேல் அதே அளவு பிளாஸ்டிக் மூடியை, அடியில் ரப்பர் வாஷரோடு அழுத்திப் பிடித்தால் தாள் நனையாது. கலவையை ஊற்றி ஒரு நிமிடம் ஊறவிட்டு, பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகப் பிரஷ் செய்யுங்கள். குறுக்கே இழுக்காதீர்கள். வலம் மூன்று சுற்று, இடம் மூன்று சுற்று. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசல். அலசலை விட்டுவிட்டால் சோப்பு பள்ளத்தில் காய்ந்துபோய், ஊசி நுனியில் சாம்பல் நிறப் பசையாக ஒட்டிக்கொண்டு வரும். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, பாத்திர ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்தி ஒரு மணி நேரம். ஃபேன் போட வேண்டாம், ஈரத் தட்டு தூசியை வாங்கிக்கொள்ளும். வெயிலில் வைத்தால் நெளிந்துவிடும்.

78 தட்டுக்கு ஆல்கஹால் இல்லாத தண்ணீர், ஒரு லிட்டருக்கு அதே இரண்டு சொட்டு. ஊற வைக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, சுத்தத் தண்ணீர்த் துணியால் இன்னொரு முறை, உடனே உலர்த்துங்கள். கொலம்பியா தட்டுகளை ஓரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். அடுக்கடுக்காக ஒட்டிய தட்டு அவர்கள் பாணி, நடுவில் தாள் இருக்கும். விரிசல் வழியே தண்ணீர் உள்ளே போனால் தாள் உப்பி, அரக்கு பொருக்குப் பொருக்காகப் பெயரும். விரிசல் கண்ட தட்டுக்கு உலர்ந்த பிரஷ் மட்டும்.

கழுவிக் காய்ந்த பிறகு சாய்வாக வெளிச்சத்தில் பிடியுங்கள். பூஞ்சை இருந்த இடத்தில் மங்கலான தடம் அப்படியே தெரிந்தால் மேற்பரப்பு பாதிக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்து இரைச்சல் போகாது. திரும்பத் திரும்பத் தேய்க்காமல் விட்டுவிடுவதுதான் நல்லது.

திருவாரூர் தம்பி

இணையத்தில் மரப்பசை முறை ஒன்று சொல்கிறார்களே? வெள்ளைப் பசையை ஊற்றி, காய்ந்ததும் தோலாக உரித்தால் அழுக்கெல்லாம் வந்துவிடுமாம்.

ஊசிமுனை

வரும் தம்பி, ஆனால் வினைலில் மட்டும். பசை 2 மி.மீ. கனத்துக்குக் குறையாமல் ஒரே சீராகப் பரவி, முழுக்கக் காய்ந்திருந்தால்தான் ஒரே தோலாக உரியும். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் மேலே காய்ந்து அடியில் பச்சையாக நிற்கும். உரிக்கும்போது துண்டு துண்டாகக் கிழிந்து பள்ளத்திலேயே தங்கும். பங்குனி சித்திரையில், வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்ற தட்டில் பார்க்கலாம். 78-ல் ஒருபோதும் வேண்டாம், அரக்கையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும்.

மாயவரம் வால்வு

பிளேயர் விஷயத்துக்கு வருகிறேன்.

அண்ணா, அந்த எச்.எம்.வி. பெட்டியை எல்.பி.க்குப் பயன்படுத்தாதீர்கள். அந்தக் காலப் பெட்டி பிளேயர்களில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைப் பிடித்து, அதன் அசைவை மின்சாரமாக்கும் சின்ன முனை). ஊசி 5 கிராமுக்கு மேல் அழுத்தும். நல்ல மேக்னட் கார்ட்ரிட்ஜ் 2 கிராமில் ஓடும். எடையைவிடப் பெரிய சேதம் வேறு. ஸ்டீரியோ தட்டில் ஊசி பக்கவாட்டில் மட்டுமல்ல, மேலும் கீழும் அசைய வேண்டும். மோனோவுக்கென்று செய்த விறைப்பான கார்ட்ரிட்ஜ் மேலே எழும்பாது, சுவரைச் சீவிக்கொண்டு போகும். போதாததற்கு ஊசி எத்தனை வருடப் பழசு என்று தெரியாது. பெட்டியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அழகான பொருள். அடிபட்ட இ.பி. ஒன்றிரண்டை மட்டும் போடலாம். இப்போது புதிதாக வரும் மலிவு சூட்கேஸ் பிளேயர்களிலும் பெரும்பாலும் இதே செராமிக் கார்ட்ரிட்ஜ்தான், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

உங்களிடம் 78 இருப்பதால் தேர்வு தானாகவே சுருங்கிவிடுகிறது. ஆடியோ டெக்னிகா எல்.பி.60எக்ஸ் ஆரம்பத்துக்கு நல்லதுதான், ஆனால் 33, 45 மட்டும் ஓடும், ஊசி எடையையும் மாற்ற முடியாது. அதே கம்பெனியின் எல்.பி.120எக்ஸ் மூன்று வேகமும் ஓடும், டைரக்ட் டிரைவ் (மோட்டாரே நேராகச் சுழற்றும்), வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஸ்லைடர் உண்டு, உள்ளேயே பிரீ ஆம்ப் (ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கிச் சீராக்கும் சுற்று) இருக்கிறது. கூட வரும் வி.எம்.95இ கார்ட்ரிட்ஜின் ஊசியை மட்டும் உருவிவிட்டு, அதே உடலில் 78-க்கான வி.எம்.95எஸ்.பி. ஊசியைச் செருகலாம். இது கட்டாயம். 78-ன் பள்ளம் எல்.பி.யைப்போல மூன்று நான்கு மடங்கு அகலம். எல்.பி. ஊசியின் நுனி ஆரம் 18 மைக்ரான் அளவு, 78-க்கு 70 மைக்ரான் பக்கம் வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையில் உருண்டு, இரைச்சலை மட்டும் வாசிக்கும்.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஆன்லைனில் கிடைக்கிறது. வி.எம்.95இ-க்கு 2.0 கிராம், ஆன்டி ஸ்கேட்டும் (ஊசிக்கை உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் திருகு) 2. எடை குறைந்தால் ஊசி பள்ளத்தில் துள்ளித் துள்ளி ஓடும், கூடுதல் சேதம் அதில்தான். 78 ஊசிக்குக் கூடுதல் எடை, அதன் தாளில் போட்ட அளவை வைத்து, எல்.பி.க்குத் திரும்பும்போது மறுபடி 2-க்குக் கொண்டுவர மறக்காதீர்கள். கார்ட்ரிட்ஜின் கோணத்துக்கு அச்சடித்த புரொடிராக்டர் (கோணம் பார்க்கும் தாள்) போதும். பேர்வால்டு அளவு என்றால் தட்டின் மையத்திலிருந்து 66.0, 120.9 மி.மீ. ஆகிய இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். பிரிண்டர் தாளைச் சுருக்கிவிட்டதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இதில் ஒரு மி.மீ. தவறினால் தட்டின் கடைசிப் பகுதியில் பாட்டு பிசிறும். வெளி ஓரத்தில் ஊசியின் அடியில் விநாடிக்கு 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, லேபிள் பக்கம் வரும்போது 21 செ.மீ. தான். அதே ஒலியை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். கச்சேரி எல்.பி.யில் தில்லானா கடைசியில் வந்து அங்கேதான் மாட்டும்.

வைக்கும் இடம். ஓட்டு வீடு என்றீர்கள், மரப் பரண் மேலோ மரமேஜை மேலோ வேண்டாம். நடந்தாலே ஊசி குதிக்கும். சுவரோடு கட்டிய கடப்பா கல் அலமாரி இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. கல் தட்டினால் 'டங்' என்று ஒலிக்கும், அதனால் அதற்கும் பிளேயருக்கும் நடுவில் நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு. ஸ்பீக்கரை அதே கல் மேல் வைக்கக் கூடாது. ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் சமம் பாருங்கள்.

'ஹம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் ஓசை வந்தால் முதலில் பிளேயரின் எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகில் கட்டுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் பிளக்கில் எர்த் உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். பல பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளை. இன்னொன்று: ஒலி தகரம்போல மெலிந்து, தாழ்ந்த ஒலியே இல்லாமல் கேட்டால் பிரீ ஆம்ப் எங்கும் இல்லை என்று அர்த்தம். தொப்பு தொப்பென்று ஊதிப் பெருத்துக் கேட்டால் பிளேயருடையதும் ஆம்ப்ளிஃபயருடையதும் இரண்டும் ஓடுகிறது. பின்பக்கம் ஃபோனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதில் சரியாகிவிடும்.

வி.எம்.95இ ஊசியின் ஆயுள் சுமார் 300 மணி நேரம். ஒரு நோட்டில் கணக்கு எழுதுங்கள். தேய்ந்த ஊசி முதலில் 'ச', 'ஷ' எழுத்துகளில் சீறும்.

சீவாளி

வினைல் உயர்ந்ததா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அளவுகோலால் பார்த்தால் டிஜிட்டல்தான் மேல். 16 பிட் சி.டி.யின் ஒலி வீச்சு (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள தூரம்) 96 டெசிபல். நல்ல எல்.பி.க்கு 60 முதல் 70. வேக ஏற்ற இறக்கம், சடசடப்பு, கடைசிப் பள்ளத்துப் பிசிறு எதுவும் டிஜிட்டலில் இல்லை. அமெரிக்காவில் 2022-ல் 4.1 கோடி எல்.பி.யும் 3.3 கோடி சி.டி.யும் விற்றன, 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் எல்.பி. முந்தியது அப்போதுதான். அதனால் எல்.பி.யின் ஒலி மாறிவிடவில்லை. இன்று வரும் புதிய எல்.பி.களில் பல டிஜிட்டல் கோப்பிலிருந்தே வெட்டப்படுகின்றன. புதுத் தட்டை 'அனலாக்' என்று நினைத்து வாங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

ஆனால் உங்கள் அலமாரியின் கதை வேறு. பழைய கர்நாடகப் பதிவுகள் டிஜிட்டலுக்கு வந்தபோது பலவற்றில் இரைச்சலை நீக்குகிறேன் என்று மேல் ஒலிகளையும் சேர்த்து வழித்துவிட்டார்கள். நாதஸ்வரத்தில் முதலில் போவது, வாயில் வைத்து ஊதும் நாணலான சீவாளியின் சத்தம். உதடு சீவாளியைக் கவ்வும் அந்த மெல்லிய கரகரப்பு, தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல் கூடு விழும் 'சட்'. அதெல்லாம் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே நிறைய இருக்கிறது. இரைச்சல் நீக்கும் கருவிக்கு அது சடசடப்பு. சினிமா இ.பி.களிலும் அப்படித்தான். பின்னால் வந்த சி.டி.யில் ஒலியை அழுத்தி எல்லாவற்றையும் ஒரே உரப்பில் கொண்டுவந்திருப்பார்கள். எல்.பி.யில் அந்த அளவுக்கு அழுத்தி வெட்ட முடியாது, வெட்டினால் ஒரு பக்கத்தில் பிடிக்கும் நேரம் குறையும், ஊசி துள்ளும். எனவே ஒரே பாட்டு தட்டில் மூச்சோடும், சி.டி.யில் இறுகியும் இருக்கும். வித்தியாசம் மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முன் ஒலியைச் சீர்செய்யும் வேலையில்) இருக்கிறது, வினைல் என்ற பொருளில் இல்லை. நல்ல தட்டை நல்ல ஊசியில் வாசித்து 24 பிட்டில் பதிவு செய்தால் அந்த மூச்சு அப்படியே டிஜிட்டலிலும் வரும்.

கர்நாடக எல்.பி.யில் ஒரு பக்கம் 25 நிமிடம் வரை நெருக்கியிருப்பார்கள். நிமிடம் கூடக் கூட பள்ளத்தின் அலைவு சிறுக்கும், இரைச்சல் அதனோடு ஒப்பிட்டால் பெரிதாகத் தெரியும். அது உங்கள் பிளேயரின் குறையல்ல.

இனி அந்த 78. அதில் நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தட்டு ஏதும் இருந்தால் முதலில் அதை எடுத்துத் தனியே வையுங்கள். அவர் மறைந்தது 1956-ல். எல்.பி. நம் ஊரில் பரவுவதற்கு முந்தைய காலம். அவர் பெயரில் பிறகு வந்த எல்.பி., கேசட், சி.டி. எல்லாம் பழைய பதிவிலிருந்து எடுத்தவை. 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். தோடி ராகத்தையே பக்கம் பக்கமாக வெட்டி வாசித்த காலம் அது.

78 என்பது பெயர் மட்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் சரியான எண் 77.92. பழைய தட்டுகள் அதற்கும் மேலும் கீழும் பதிவாகியிருக்கின்றன. வேகம் 6 சதவீதம் தவறினால் சுருதி அரைக் கட்டை நகரும். ஸ்வரங்களுக்கு இடையே உள்ள விகிதம் மாறாது என்பதால் ராகம் ராகமாகவே கேட்கும், தவறு காதுக்குத் தெரியாது. நாதஸ்வரத்தின் குரல் மட்டும் சின்னக் குழல் மாதிரி கீச்சென்றோ, கனத்து இழுத்தோ மாறியிருக்கும். தம்புரா ஆப்பை ஓடவிட்டு, ஒத்து (கூடவே ஊதும் சுருதிக்குழல்) தெளிவாகக் கேட்கும் இடத்தில் ஸட்ஜம் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே அமர்வில் பதிவான தட்டுகள் எல்லாம் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் ஸ்லைடரை நகர்த்துங்கள்.

குடந்தை ரசிகர்

எல்லோருக்கும் நன்றி. இன்றே தரம் பிரிக்கத் தொடங்குகிறேன். இரண்டு சந்தேகம். நான்கைந்து எல்.பி. கிண்ணம் மாதிரி வளைந்திருக்கின்றன, நிமிர்த்த முடியுமா? 78 தட்டுகளைப் பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியது என்ன? கழுவிய பிறகு எங்கே வைப்பது என்றும் யாராவது சொன்னால் நல்லது.

மாயவரம் வால்வு

வளைவுக்கு அடுப்பும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். நன்றாகக் கழுவிய தட்டை இரண்டு கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே 5 கிலோ பாரம் வைத்து, அறையின் சாதாரண வெப்பத்திலேயே சில வாரம் விடுங்கள். சித்திரை வைகாசியில் சீக்கிரம் இறங்கும். கண்ணாடிக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு மண் துகள் இருந்தாலும் பள்ளத்தில் பதியும், துடைத்துவிட்டு வையுங்கள். 78 தட்டுக்கு இந்த வேலையே கூடாது, பளிச்சென்று உடையும்.

சீவாளி

பதிவுக்கு ஆடாசிட்டி மென்பொருள் போதும், இலவசம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல். சுருக்காத கோப்பு மணிக்கு 2 ஜி.பி. ஆகும், ஃபிளாக் என்ற இழப்பில்லாச் சுருக்க வடிவில் வைத்தால் கணிசமாகக் குறையும், தரம் போகாது.

78 தட்டு மோனோதான், ஆனாலும் ஸ்டீரியோவாகவே பதிவு செய்யுங்கள். பள்ளத்தின் இரண்டு சுவரும் ஒரே அளவு தேய்ந்திருக்காது. பதிவான பிறகு இடது, வலது இரண்டையும் தனித்தனியே கேட்டு, சுத்தமானதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் சமமாக இருந்தால் சேர்த்து மோனோவாக்குங்கள், இரைச்சல் கொஞ்சம் அடங்கும். பிளேயரின் பிரீ ஆம்ப் 1954-ல் பொதுவாக ஏற்கப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவில் (மேல், கீழ் ஒலிகளை எவ்வளவு ஏற்றி இறக்குவது என்ற அளவில்) வாசிக்கும். பழைய 78 தட்டுகள் வேறு வளைவில் வெட்டியவை என்பதால் மேல் ஒலி மங்கலாக வரும். மென்பொருளில் மேல் பக்கத்தைக் காதால் கேட்டு மெதுவாக ஏற்றுங்கள். தொடாத மூலப் பதிவு ஒன்று எப்போதும் தனியே இருக்கட்டும். கோப்பின் பெயரில் லேபிள், தட்டு எண், லேபிளை ஒட்டிய வழுவழுப்பான பகுதியில் கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண் மூன்றும் வரட்டும். லேபிளை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

ஊசிமுனை

வைக்கும் இடம். பழைய உள் உறைகளைத் தூக்கிப் போடுங்கள், பூஞ்சை விதை அதில்தான் இருக்கிறது. எச்.டி.பி.இ. (ஒருவகைப் பாலித்தீன்) உள் உறை புதிதாக வாங்குங்கள். மெத்தென்ற பி.வி.சி. உறை வேண்டாம், நாளானால் தட்டில் பனி படிந்ததுபோல் மங்கல் ஒட்டும். அட்டை உறையை நிழலில் உலர்த்தி, உலர்ந்த துணியால் துடைத்து, தட்டை அதற்குள் வைக்காமல் பின்னால் தனியே நிறுத்துங்கள்.

தட்டுகள் எப்போதும் செங்குத்தாக. அட்டையோடு 100 எல்.பி. என்றால் 25 கிலோவைத் தொடும், மர அலமாரியின் நடுப்பலகை தாங்குமா பாருங்கள். வெளிச்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், மழைக்காலத்தில் ஈரம் அந்த வழியாகத்தான் வரும். ஆவணக் காப்பகங்கள் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்தில் வைக்கச் சொல்லும். நம் ஊரில் ஏ.சி. இல்லாமல் அது நடக்காது, ஆனால் 60-க்குள் நிறுத்தினால் பூஞ்சை தலையெடுக்காது. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, 20 எல்.பி.க்கு 200 கிராம் சிலிகா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பதமானி. ஆரஞ்சிலிருந்து பச்சையாக நிறம் மாறும் ஜெல் வாங்குங்கள். மாறியதும் சமையலுக்குப் பயன்படுத்தாத தட்டில் பரப்பி, 110 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஐப்பசி பிறக்கும் முன்பே ஒருமுறை இதைச் செய்துவிட்டு, தை வரை வாரம் ஒருமுறை மானியைப் பாருங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கோடு சேராது. பச்சை வேப்பிலையும் வேண்டாம், ஈரத்தை நீங்களே கொண்டுபோய் உள்ளே வைத்த மாதிரி ஆகும்.